நகரக் கூடாத நேரம்

என் அண்ணனுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். எனக்கும்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், குணம் எங்கே போகும்? அவன் கத்தினால் முதலாளி கண்டிப்பானவர் என்பார்கள். நான் கத்தினால் அக்காவுக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை போல என்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் பிளம்பிங் காண்டிராக்டர். புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கும் மாடிக் கட்டடங்களுக்கும் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுப்பது அவன் கம்பெனி. அதில் நான் ஸ்டோர் பார்க்கிறேன். எல்போ, சாக்கெட், வால்வு என்று அளவு வாரியாக அடுக்கி வைத்து, காலையில் வந்து கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் மிச்சத்தை வாங்கி வைக்கிற வேலை. என் வீட்டுக்காரர் அங்கேயே பிளம்பர். தங்கை புருஷன் என்பதால் அண்ணன் அவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட, அதைக் கேட்டுக் கம்பெனி முழுக்க அவருக்கு அதுவே பேராகிவிட்டது. தலை நரைத்த பிறகும் மாப்பிள்ளைதான். சிமெண்ட் மூட்டை இறக்க வருகிறவன்கூட "மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளுங்க" என்பான்.

எங்கள் தொழிலில் பிரஷர் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. குழாய் எல்லாம் போட்டு முடித்த பின், சுவர் பூசுவதற்கு முன்னால், திறந்திருக்கிற முனைகளையெல்லாம் அடைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். பம்பின் பக்கத்தில் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜ் இருக்கும். அதன் முள் ஏறின இடத்திலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ ஒரு ஜாயிண்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம். பூசின பிறகு அது தெரிந்தால் சுவரை உடைக்க வேண்டும், பெயரும் கெடும். டெஸ்ட் போடாமல் அண்ணன் ஒரு கட்டடத்தையும் ஒப்படைத்ததில்லை. அந்த விஷயத்தில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எப்போது போடுவான்? கொத்தனார், எலக்ட்ரீஷியன், தச்சர் எல்லோரும் வேலை முடிந்து போன பிறகு. அவர்கள் இருக்கும்போது போட்டால் எவனாவது ஏணியைக் குழாய் மேல் சாய்ப்பான், முள் ஆடும். ஆக, கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது எங்கள் ஆட்கள் பம்பு பக்கத்தில் உட்காருவார்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்கு ஓ.டி. காசு கிடையாது. ஜாயிண்ட் போட்டால் வேலை, சுவரைக் குடைந்தால் வேலை. உட்கார்ந்திருப்பது வேலை இல்லை. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்டது நெட்டை. அவனும் பிளம்பர்தான். கூரை ஓரம் குழாய் போட அவனுக்கு ஏணி தேவையில்லை, அப்படி ஒரு உயரம். அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் சாயங்கால ஷிஃப்ட், குழந்தை கைக்குழந்தை. இவன் வீட்டுக்குள் காலை வைத்தால்தான் அவள் வெளியே காலை வைக்க முடியும். டெஸ்ட் நாளில் மட்டும் பக்கத்து வீட்டம்மாவிடம் குழந்தையை விடுவார்கள். அந்த அம்மா சும்மா பார்த்துக்கொள்வாளா? ஒரு நாள் ஸ்டோர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்.

"அக்கா, டெஸ்ட்டுக்கு முதலாளி எனக்குக் காசு தர்றதில்ல. நான்தான் தர்றேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே முற்றத்தில் அண்ணனிடம் போய் நின்றான்.

"முதலாளி, டெஸ்ட் நேரத்துக்கும் ஏதாவது பாத்துப் போட்டுக் குடுத்தா நல்லாருக்கும்."

"உக்காந்திருக்கிறதுக்கு ஓ.டி.யா? அப்ப நீ வீட்டுல தூங்குறதுக்கும் சேத்துப் போட்டுடவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி ஜோக்கடித்தால் சிரிப்பதும் சம்பளத்தோடு சேர்ந்த வேலைதானே. அண்ணன் அதோடு விடவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் கையை நீட்டினான்.

"மாப்பிள்ளையப் பாரு. உனக்கெல்லாம் முன்னாலேருந்து டெஸ்ட் பாக்குறவர். ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? நீயே கேளு."

நெட்டை அவரைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்து ரெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. 

வீட்டுக்கு வந்து தட்டை அவர் முன்னால் வைத்த வேகத்திலேயே அவருக்கு என் கோபம் புரிந்திருக்கும்.

"நெட்டை கேட்டப்ப நீங்க ஏங்க வாயைத் திறக்கல?"

"என்னத்தச் சொல்றது?"

"எனக்கும் வேணும்னு சொல்றது."

"பொண்ணு குடுத்த இடத்துல போய்க் காசு கேக்கச் சொல்றியா? கல்யாணத்தப்பவே எதுவும் வேணாம்னு சொன்னவன் நான்."

"இது கல்யாணக் காசா? நீங்க வேலை பாத்த காசு."

"உனக்குப் புரியாது. நாளைக்கு உங்க அண்ணியே சொல்லுவாங்க, தங்கச்சி புருஷன் காசு கேட்டுப் பிடுங்குறான்னு."

எனக்குப் புரியாமல் என்ன? அண்ணி சொல்லத்தான் சொல்வாள், நாலு பேர் காதில் விழுகிற மாதிரியே சொல்வாள். இவருடைய ரோஷம் எனக்குப் பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டினேன். ஆனால் அந்த ரோஷத்துக்கு இவர் மட்டும் செலவு செய்திருந்தால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன்.

"நீங்க கேக்கலைன்னா உங்க காசு போச்சு. அது உங்க இஷ்டம். ஆனா உங்களைக் காட்டித்தானே அண்ணன் மத்தவங்க வாயை அடைக்கிறான்? நீங்க கௌரவமா இருக்கிறதுக்கு அந்த நெட்டை பக்கத்து வீட்டுக்குக் காசு அழுதுக்கிட்டிருக்கான்."

 அவர் சாப்பிட்டார், கையைக் கழுவினார், சமையலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடினார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான், வீட்டில் இருக்கிற குழாயையெல்லாம் சோதித்துவிடுவார்.

கம்பெனியில் இன்னொரு பிளம்பர், பட்டப்பெயர் வக்கீல். சட்டம் படித்தவன் இல்லை, வாய்தான் காரணம். எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை அவனுடையதாக இருக்க வேண்டும். அவன் அங்கே இங்கே விசாரித்து, தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்று கண்டுபிடித்து, எழுதியும் கொண்டுவந்துவிட்டான். அவனும் நெட்டையும் கையெழுத்துப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் வந்து, "எந்த இடத்துல போடணும்?" என்று மட்டும் கேட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் போனார்.

அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். வேலையை விட்டு நிறுத்தவில்லை, பேச்சைத்தான். என் ஜன்னலுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவனிடம், "ஸ்டோர்ல சொல்லு, முக்கா அங்குல வால்வு வேணும்" என்பான். நானும் அதே ஆளிடம், "இல்லைன்னு சொல்லு" என்பேன். நடுவில் நிற்கிறவன் பாவம், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். கேட்கிறவர்களுக்கு வேடிக்கை. எனக்கு இல்லை. அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவன் அவன். என் செருப்பு அறுந்தால் தன் செருப்பைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தவன். அவன் முகம் கொடுத்துப் பேசாத ஒவ்வொரு நாளும் மதியச் சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்தேன்.

விசாரணை நாள் வந்தது, நானும் கூடப் போனேன். அலுவலகம் மாடியில், நீளமான வராண்டாவின் கடைசியில். வராண்டாவில் ஒரு கை கழுவும் தொட்டி, அதன் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆட்கள் மூன்று பேரும் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பின்னால் வந்த அண்ணன் நின்றே பார்த்தான். வாஷர் போயிருக்கிறது என்று நாலு பேர் மனதிலும் ஒரே சமயத்தில் ஓடியிருக்கும். வழக்காட வந்தவர்கள் போலவே இல்லை.

உள்ளே அதிகாரியம்மா மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில். அந்த அம்மா அதட்டவும் இல்லை, குழையவும் இல்லை. மனுவை வாசித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"இந்த டெஸ்ட் நேரத்துல நீங்க என்ன வேலை செய்வீங்க?"

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவன்.

"நிறைய வேலை இருக்கும்மா. ஒவ்வொரு மாடியாப் போவோம், ஜாயிண்ட்டையெல்லாம் தொட்டுப் பாப்போம், தேவைப்பட்டா இறுக்குவோம்..."

"எதுக்குடா இறுக்கணும்?" என்றான் அண்ணன். "ஒழுகுமா? உன் ஜாயிண்ட்டு ஒழுகுமா?"

வக்கீலின் முகம் சிவந்துவிட்டது. "யாரு ஜாயிண்ட்டு ஒழுகுது? நான் கை வச்ச ஜாயிண்ட்டு ஒண்ணு, ஒரே ஒண்ணு ஒழுகியிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்!"

"அப்போ டெஸ்ட் நேரத்துல இறுக்குற வேலை வந்ததில்லையா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வந்ததே இல்லம்மா. அதெல்லாம் அரைகுறை ஆளுங்களுக்கு வர்றது. நாங்க போட்டா முள்ளு அசையாது. ஒரு வேலையும் இருக்காது."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடுத்து நெட்டையைக் கேட்டார். அவனாவது சுதாரித்துக்கொள்வான் என்று பார்த்தால், அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்னுதும் ஒழுகினதில்லம்மா, சும்மாதான் உக்காந்திருப்பேன்" என்றான். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவன் பேசுகிற பேச்சா இது!

கடைசியில் என் வீட்டுக்காரர். முதலாளி முன்னால் ரெஞ்சைத் துடைத்த மனிதர், இங்கே குரல் எடுத்துப் பேசினார். எத்தனை வருஷமாக எத்தனை கட்டடம், ஒன்றிலாவது டெஸ்ட்டில் முள் இறங்கியிருக்கிறதா, மச்சானையே கேளுங்கள் என்றார். அண்ணன் தலையை ஆட்டி ஆமோதித்தான். உண்மையில் பெருமையாக ஆமோதித்தான்.

எங்கள் தொழிலில் டெஸ்ட் நேரத்தில் வேலை செய்தேன் என்று சொன்னால், என் ஜாயிண்ட் ஒழுகியது என்று ஒத்துக்கொண்டதாக அர்த்தம். கழுத்தில் கத்தியை வைத்தாலும் ஒரு பிளம்பர் அதைச் சொல்ல மாட்டார். காசுக்காக மூன்று பேரும் படியேறி வந்து, மானத்துக்காக அதை மேசையிலேயே விட்டுவிட்டார்கள். அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அதிகாரியம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஸ்டோரில் இருப்பவள், டெஸ்ட் இடத்துக்குப் போனதே இல்லை. ஆனால் அண்ணனைத் தெரியும். எங்கே தொட்டால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி அண்ணிக்குக்கூடத் தெரியாது. கேட்கலாமா, வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கேட்டால் அவன் விழுவான். விழுந்தது என் கையால் என்று அவனுக்கும் தெரியும். பிறகு எப்போதாவது என் முகத்தைப் பார்ப்பானா? பக்கத்தில் நெட்டை தன் நீளமான கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கலாமாம்மா?"

"கேளுங்க."

"அண்ணே, இவங்கதான் சும்மா உக்காந்திருக்கிறோம்னு சொல்றாங்களே. அப்ப டெஸ்ட்டைப் போட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டா என்ன? காலையில வந்து முள்ளைப் பாத்துக்கலாமே."

இத்தனை நாள் பேசாதவன் என்னை நேராகப் பார்த்துக் கத்தினான்.

"பைத்தியமா உனக்கு? அழுத்தத்தை ஏத்திட்டு விட்டுட்டுப் போறதா? எங்கயாவது ஒரு அடைப்பு பிச்சுக்கிட்டா நாலு மாடிக்கும் தண்ணி இறங்குமே! மரவேலை என்ன ஆகும், ஒயரிங் என்ன ஆகும்? என் கம்பெனியில பம்பை விட்டு எவனாவது நகந்தான்னா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சுடுவேன். சாப்பிடப் போறதுன்னாக்கூட ஒருத்தன் இருந்துதான் இன்னொருத்தன் போகணும். கேட்டுப் பாரு இவனுங்களை!"

"நகரக் கூடாதுங்கிறது உங்க உத்தரவா?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"பின்ன யாரு உத்தரவு? என் உத்தரவுதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது. அந்த அம்மா எழுதி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"குழாய் ஒழுகுச்சா இல்லையாங்கிறது எனக்கு வேண்டாம். நகரக் கூடாதுன்னு நீங்க ஒருத்தரை உக்கார வச்ச நேரம் அவரோட நேரம் இல்ல, உங்க நேரம். அதுக்கு நீங்கதான் குடுக்கணும். வேலை நேரத்துக்கு மேலே போனா ஓ.டி.யாத்தான் குடுக்கணும்."

 அந்த அம்மா காட்டின இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டான்.

ஜெயித்தவர்கள் யாரும் குதிக்கவில்லை. வக்கீலுக்கே பேச்சு வரவில்லை. மூன்று பேரும் முதலாளி முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு முன்னால் இறங்கிப் போய்விட்டார்கள். நான் பின்னால் வந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். தாண்டிப் போக மனசு வரவில்லை.

"தெரிஞ்சேதானே கேட்ட?" என்றான்.

"ஆமா."

"வேற முதலாளியா இருந்தா, போங்க, நான் எங்க இருக்கச் சொன்னேன்னு சொல்லியிருப்பான். தப்பிச்சிருப்பான்."

"தெரியும்ணே. நீ அப்படிச் சொல்ல மாட்டேன்னுதான் கேட்டேன்."

அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியால் அவனை அசைத்திருக்க முடியாது. அவனிடம் இருந்த நல்லதைப் பிடித்து இழுத்துத்தான் அவனைக் கீழே தள்ளினேன். தள்ளியது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் வலித்தது.

"நெட்டை கேட்டப்பவே குடுத்திருக்கலாமேண்ணே. உனக்கு அவ்வளவு பெரிய காசா இது?"

"காசு இல்லடி." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். முதலாளியாகி இத்தனை காலம் ஆகியும் இன்னொருவரிடம் பிளம்பராக இருந்த காலத்துத் தழும்புகள் விரல் முட்டியில் போகவில்லை. "நானும் உக்காந்தேனே. பசியோட உக்காந்திருக்கேன். காய்ச்சலோட உக்காந்திருக்கேன். நீ சின்னப் புள்ள, உனக்குத் தெரியாது, நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள நீ தூங்கியிருப்ப. எனக்கு எவன் குடுத்தான்? நான் கேக்கல. கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. இவனுங்களுக்கு மட்டும் என்ன?"

தெரியாமல் இல்லை. அவன் வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்து தூங்கிப்போன நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதை சொல்ல ஆள் இல்லாமல், விளையாட ஆள் இல்லாமல். அவன் எங்கோ ஒரு கட்டடத்தில் யாருக்காகவோ முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். அந்த நேரம் அவனுடையது, கொஞ்சம் என்னுடையதும்கூட.

"யாரும் குடுக்கல," என்றேன். "உனக்கும் குடுத்திருக்கணும்ணே. குடுக்காம விட்டது தப்பு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வயதுக்கு இதை அவனிடம் யாரும் சொன்னதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. சண்டைக்கு ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.  புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், துடைத்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

"என் முதலாளி செத்துட்டான்டி," என்றான். "நான் யாருகிட்ட போய்க் கேக்குறது?"

கீழே இருந்து நெட்டையின் குரல் வந்தது. "முதலாளி, வண்டியை எடுக்கட்டுமா?" நான் அந்தப் படியிலேயே அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.